வருஷம் கும்பிட்டு வந்த வள்ளியம்மா

நான் சொல்லச் சொல்ல என் மருமகன் தட்டச்சு செய்கிறார். என் பேச்சு அவர் கைக்குப் போனதும் பத்திரிகைத் தமிழாகிவிடுகிறது. "ஏம்பா, நான் இப்படியா பேசினேன்?" என்றால், "அச்சுல இப்படித்தான் வரணும் அத்தை" என்கிறார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நம்பித்தான் ஆக வேண்டும்.

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு மிட்டேர்ம் தேர்தலைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்களாம். ஒரு டாக்டர் எழுதுகிறார், ஒரு ப்ரொஃபசர் எழுதுகிறார். மலர் போடுகிற பெண் என்னிடம் வந்து, "ஆன்டி, நீங்க எலெக்ஷன் பத்தி வேண்டாம், உங்க ஏர்போர்ட் வேலையைப் பத்திச் சொல்லுங்க, ஜாலியா இருக்கும்" என்றாள். ஜாலியாகத்தான் ஆரம்பிக்கிறேன். ஆனால் என் வேலையையும் எலெக்ஷனையும் தனித்தனியாகப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

ஏர்போர்ட்டில் வீல்சேர் தள்ளுவது என் வேலை. பத்து வருஷத்துக்கு மேல் தள்ளினேன். பேத்தியைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவுக்கு, ஐசலின் என்கிற ஊருக்கு வந்தவள் நான். பேத்தி ஸ்கூலுக்குப் போனதும் வீட்டில் சுவரும் நானும்தான். அப்போது ஒரு தோழி சொன்னாள். மருமகன் முகத்தைத் தொங்கப்போட்டார். மகள், "அம்மா போகட்டும், இல்லன்னா என்னையே தள்ளிட்டு இருப்பாங்க" என்றாள். இரண்டு நாள் பயிற்சி, ஒரு பேட்ஜ், ஒரு நீலச் சட்டை. அவ்வளவுதான்.

எழுத்து தெரியாமல் எப்படி என்று கேட்பார்கள். எண் தெரியும். கேட் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்து, படம் மாதிரி மனதில் பதிந்துவிட்டது. மீதிக்கு வாய் இருக்கிறது.

எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும். காலையில் ரயில் ஏறும்போதே சந்தோஷம் வந்துவிடும். இன்றைக்கு யார் வருவார்களோ என்று. நம் ஊர்க்காரர்கள் நிறைய வருவார்கள். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நம் அப்பா அம்மாக்களில் பாதிப் பேருக்கு வீல்சேரே வேண்டாம். நன்றாக நடப்பார்கள். இங்கிலீஷ் தெரியாது, வழி தெரியாது, இமிக்ரேஷன் என்றால் பயம். அதனால் பிள்ளைகள் டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுவார்கள். அதுதான் நம் குடும்பங்களில் வழக்கம். ஒருமுறை ஒரு திருச்சி மாமா, பெல்ட்டில் தன் பெட்டி தாண்டிப் போவதைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து குதித்து ஓடிப்போய்ப் பிடித்தார். எங்கள் சூப்பர்வைசர் சொலான்ஜ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "பாக்யா, நீ தள்ளுற நாற்காலியில அற்புதம் நடக்குது" என்றாள்.

சொலான்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹைத்தி நாட்டுக்காரி. நெடுநெடுவென்று இருப்பாள், சட்டையில் ஒரு மடிப்பு கலைந்திருக்காது. அவள் பேசியதை எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை முதலில் நாற்காலியில் உட்கார வைத்து அவளே தள்ளுவாள். லிஃப்ட் வாசலில் வேண்டுமென்றே ஒரு இடி. "வலிச்சுதா? அவங்களுக்கும் அப்படித்தான் வலிக்கும்." லிஃப்டுக்குள் பின்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும். நிறுத்தினால் இரண்டு பக்கமும் பிரேக் போட வேண்டும். கால் பலகையை மடக்கிய பிறகுதான் எழுந்திருக்கச் சொல்ல வேண்டும். நகர்த்துவதற்கு முன்னால், நகர்த்தப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் பை பாசஞ்சர் மடியில்தான் இருக்க வேண்டும், நம் கைக்கு வரவே கூடாது. கடைசியாக ஒன்று சொல்வாள்: "அதிகாரிங்க முன்னாடி நாற்காலிக்கு வாய் கிடையாது." பாசஞ்சருக்காக நாம் பேசக் கூடாது, மொழிபெயர்க்கக் கூடாது. பேசினால் பேட்ஜ் போய்விடும்.

அவளுடைய பேட்ஜே நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஊரில் பூகம்பம் வந்தபோது இங்கே தங்கலாம் என்று கொடுத்த தற்காலிக அனுமதி. அதை நிறுத்தப்போகிறோம் என்பார்கள், கோர்ட்டுக்குப் போவார்கள், கொஞ்சம் நீட்டுவார்கள், மறுபடி நிறுத்தப்போகிறோம் என்பார்கள். வரி கட்டுகிறாள், பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள், ஓட்டு மட்டும் கிடையாது.

எனக்கு ஓட்டு கிடைத்தது. க்ரீன் கார்டு வாங்கிப் பல வருஷம் ஆன வயசானவர்களுக்கு சிட்டிசன் பரீட்சை நம் மொழியிலேயே வைப்பார்கள். பாஸ் பண்ணிவிட்டேன். அந்த மிட்டேர்ம்தான் என் முதல் ஓட்டு. நம் ஊரில் இடைத்தேர்தல் என்றால் ஒரு எம்.எல்.ஏ. தவறிப்போயிருப்பார். இங்கே யாரும் சாக வேண்டாம், பிரசிடெண்ட் காலம் பாதி ஆனதும் தானாக வருகிறது. படிக்கத் தெரியாதவர்கள் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று மகளையும் உள்ளே விட்டார்கள். அவள் ஒவ்வொரு பெயராக வாசித்தாள், நான் விரலை வைத்தேன். எங்கள் கூலி ஏற வேண்டும், எங்களுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று யூனியன் கேட்டபோது எங்களோடு நின்று கோஷம் போட்ட அம்மாவுக்குத்தான் போட்டேன். எங்கள் பக்கத்தில் அவர் ஜெயித்தார். மறுநாள் பிரேக் ரூமில் ஒரே கொண்டாட்டம். ஓட்டுப் போட்டவர்களுக்குக் கொடுக்கும் ஸ்டிக்கரை நான் காலரில் ஒட்டிக்கொண்டு போனேன். யூனிஃபார்மில் எதுவும் ஒட்டக் கூடாது. சொலான்ஜ் கிட்டே வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். பிரிந்து நின்ற ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, "இன்னைக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் வள்ளியம்மா வந்தார்.

கரூர்ப் பக்கத்துக்காரர். மத்தியான ப்ளேன். வெள்ளை ரவிக்கை, வெறும் நெற்றி. நாற்காலியில் உட்கார்ந்ததும் என் பேட்ஜைப் பார்த்து, "நீங்க நம்மூருங்களா அம்மிணி? அப்பாடா, இனி பயமில்லீங்க" என்றார். போகிற வழியெல்லாம் பேச்சு. மகன் செந்தில் இங்கே சாஃப்ட்வேரில் இருக்கிறார், சிட்டிசன். அம்மாவுக்கு க்ரீன் கார்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஊரில் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போகவே இவர் போனார். ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. அவர் தவறிவிட்டார். அப்புறம் வருஷம் கும்பிடுகிறவரை, அதாவது முதல் வருஷத் திதி முடிகிறவரை, அங்கேயே இருந்துவிட்டார்.

"ஒரு வருசத்துக்கு மேலயா அங்க இருந்தீங்க?" என்று கேட்டேன். என் கை தானாக மெதுவானது.

"ஆமாங்க. தலைவருசம் கும்பிடாம எப்படிங்க வர்றது? கும்பிட்டுப்போட்டு, ஊட்டையும் வித்துக் குடுத்துப்போட்டு வந்துட்டேன். பையன், 'இனி ஒத்தைல கெடக்க வேண்டாம், வந்துரும்மா'ன்னுட்டான்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். க்ரீன் கார்டுக்காரர் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே தங்கினால், இங்கே குடியிருப்பதை விட்டுவிட்டார் என்று அதிகாரி நினைக்கலாம். அந்தச் சட்டம் எப்போதும் இருந்தது. முன்பெல்லாம் ஏன் என்று கேட்பார்கள். புருஷன் செத்துப்போனார் என்றால், "ஐ ஆம் சாரி மேம், இனி இவ்வளவு நாள் தங்காதீங்க" என்று சொல்லி முத்திரை குத்துவார்கள். எத்தனையோ பேரை அப்படி நானே தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கிறேன். பிறகு ஆட்சி மாறியதும் மேலேயிருந்து காற்று மாறியது. சட்டத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. அதே மேஜைதான், அதே அதிகாரிகள்தான். ஆனால் அவர்கள் நிமிர்ந்து பார்க்கும் பார்வை மாறிவிட்டது. டிவியில் அரசியல் பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எத்தனை சீட் என்றுதான் எண்ணுகிறார்கள்.

வள்ளியம்மாவைத் தனி அறைக்குக் கூட்டிப் போனார்கள். நானும் போனேன். தள்ளுகிற ஆள் பாசஞ்சரை விட்டு நகரக் கூடாது. அதிகாரி சின்ன வயசுப் பையன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். குரலை உயர்த்தவில்லை, தண்ணீர்கூடக் கொடுத்தான். அம்மா ப்ளேன் ஏறும்போதே செந்தில் போனில் சொல்லியிருந்தாராம்: "எது கேட்டாலும் யெஸ் சொல்லும்மா, எதுத்துப் பேசாதே." நம் பிள்ளைகள் எல்லோருமே இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதிகாரி என்ன கேட்டாலும் வள்ளியம்மா யெஸ் என்றார். இந்தியாவில் வாழ்கிறீர்களா என்று கேட்டதற்கும் யெஸ்.

பிறகு போனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார்கள். வந்தது ஹிந்தி. வள்ளியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மிணி, இவரு என்ன பாசைங்க பேசறாரு?"

நாற்காலிக்கு வாய் கிடையாது. நான் வாசலைப் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளியே சொலான்ஜ் நின்றிருந்தாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, நேராக உள்ளே வந்து மேஜைக்கு ஓரடி தள்ளி நின்றாள். "ஆபீசர், மன்னிக்கணும். இந்த பாசஞ்சர் மொழி அது இல்ல. தமிழ்." ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அதிகாரி அவளையும் பார்த்தான், அவள் பேட்ஜையும் பார்த்தான். அவன் நம்பரை மாற்றிப் போட்டான். சொலான்ஜ் வந்த மாதிரியே வெளியே போய் நின்றுகொண்டாள். அவள் நெற்றியில் வேர்வையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது. யாழ்ப்பாணத் தமிழ். "அம்மா, வணக்கம். பயப்பிடாதேங்கோ. அவர் கேக்கிறதை நான் தமிழிலை சொல்லுவன், நீங்கள் சொல்லுறதை அவருக்குச் சொல்லுவன். ஏன் இவ்வளவு காலம் அங்கை நிண்டனீங்கள் எண்டு கேக்கிறார்."

"எங்கூட்டுக்காரர் தவறிட்டாருங்க. வருசம் கும்பிடோணுமுங்க."

அந்தக் குரல் அதை இங்கிலீஷில் சொன்னது. அதிகாரி ஏதோ கேட்டான்.

"செத்தவீடு முடிஞ்சு ரெண்டு மூண்டு கிழமையிலை வந்திருக்கலாம்தானே எண்டு கேக்கிறார் அம்மா."

"வருசம் தீராம தாலி அறுத்தவ சமுத்திரம் தாண்டுவாளுங்களா? நீங்க தமிழாளுதானுங்க, நீங்களே எடுத்துச் சொல்லுங்க அவருக்கு."

"நான் என்ரை பாட்டிலை ஒண்டும் சொல்லேலாது அம்மா. நீங்கள் சொன்னதை மட்டுந்தான் சொல்லலாம்" என்றது அந்தக் குரல். அப்படியே இங்கிலீஷில் சொன்னது. அதிகாரி தலையாட்டினான். அவனுக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. துக்கம் என்றால் அவன் கணக்கில் இரண்டு மூன்று வாரம்.

கடைசியில் இரண்டு வழி சொன்னார்கள். க்ரீன் கார்டை நானாகவே திருப்பிக் கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் சாயங்கால ப்ளேனில் திரும்பிப் போகலாம். போடாவிட்டால் ஜட்ஜ் முன்னால் போகலாம். "அதுவரைக்கும் உங்களை மகனோடை விடுவினமோ, தடுத்து வைப்பினமோ எண்டு இப்ப சொல்லேலாதாம் அம்மா. யோசிச்சுச் சொல்லுங்கோ."

வள்ளியம்மா பாத்ரூம் போக வேண்டும் என்றார். கூட்டிப் போனேன். அங்கே நாற்காலிக்கு வாய் வந்தது.

"அம்மா, கையெழுத்துப் போடாதீங்க. ஜட்ஜைப் பாக்கறேன்னு சொல்லுங்க. புள்ள வெளியதான் நிக்கிறார், வக்கீல் வெப்பார். வீட்டை வித்துட்டு வந்திருக்கீங்க, அது ஒண்ணே போதும், நீங்க இங்க இருக்கத்தான் வந்தீங்கன்னு."

அவர் முகம் கழுவிக்கொண்டார். முந்தானையால் நிதானமாகத் துடைத்தார். பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த முகத்தில் பயம் இல்லை.

"அம்மிணி, அம்பது வருசம் அவரோட இருந்தேன். அவருக்கு ஒரு வருசம் ஒக்காந்தது தப்புன்னு ஒரு கோர்ட்டுல நிக்க வெச்சுக் கேப்பாங்க. நான் அதுக்குச் சமாதானம் சொல்லோணுமா? அதுவும் அடச்சு வெச்சா, என்ற மவன் ஆபீஸ் போவானா, வக்கீலூட்டுக்கு அலைவானா? அவன் புள்ள வேற சின்னது. வேண்டாமுங்க."

"வீட்டை வித்துட்டீங்களே, எங்க போவீங்க?"

"நாத்தனா ஊட்டுல ஒரு ரூமு கேட்டா குடுப்பா" என்றார். குடுப்பாள் என்று அவருக்கே நிச்சயமில்லை. என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டார். தமிழில். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அழகான எழுத்து என்று தெரிந்தது. அவசரமே இல்லாமல், புள்ளி வைத்து முடித்தார். போனில் அந்தப் பெண், "முடிஞ்சுதோ அம்மா?" என்று கேட்டாள். "முடிஞ்சுதுங்க. உங்களுக்கும் சிரமம்" என்றார் வள்ளியம்மா.

மகனிடம் பேச அனுமதித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "சாமி, நாந்தான் வரலேன்னுட்டேன். இங்க குளுரு எனக்கு ஆகாது, உனக்குத் தெரியுமல்லோ. நீ ஒண்ணும் நெனைக்காதே. பாப்பாவைப் பாத்துக்க." வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவங்கிட்டச் சொல்லீராதீங்க அம்மிணி. முன்னாலயே கூட்டிருக்கலாமேன்னு மருகீட்டுக் கெடப்பான்."

கொண்டுபோய் ப்ளேன் வாசல்வரை விட்டேன். இரண்டு பிரேக்கும் போட்டேன், கால் பலகையை மடக்கினேன், எழுந்திருக்கலாம் என்று சொன்னேன். எல்லாம் சொலான்ஜ் சொல்லிக் கொடுத்தபடிதான். அன்றைக்கு அந்த ஒழுங்கு எனக்கு வெறுப்பாக இருந்தது. இவ்வளவு பத்திரமாக, ஒரு இடி படாமல், திருப்பி அனுப்பிவிட்டோம்.

வள்ளியம்மா இப்போது நாத்தனார் வீட்டில்தான் இருக்கிறார். செந்தில் மறுபடி முதலிலிருந்து அப்ளை பண்ணியிருக்கிறார். கார்டு இன்னும் வரவில்லை. சொலான்ஜுக்கும் இன்னும் அதே கதைதான், நீட்டுகிறார்கள், நிறுத்துகிறார்கள். நான் அடுத்த வருஷமே வேலையை விட்டுவிட்டேன். முழங்கால் வலி என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன். முழங்காலும் வலித்தது, அது பொய்யில்லை.

அன்றைக்கு வெளியே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் செந்தில் நின்றிருந்தார், கையில் ஒரு பெரிய கோட்டு, அம்மாவுக்குக் கொண்டுவந்தது. பக்கத்தில் சின்னப் பெண். என் நீலச் சட்டையைப் பார்த்து ஓடிவந்தார். "ஆன்டி, நீங்கதானே கூட இருந்தீங்க? அம்மா வரலைன்னுட்டாங்க ஆன்டி. வீட்டை வித்துட்டு வந்தவங்க, வாசல்ல வந்து மனசை மாத்திக்கிட்டாங்க. என்ன பிடிவாதம் பாருங்க." கோபம். அம்மா மேல் கோபம்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த அம்மாள் கேட்டுக்கொண்டதை மீறிச் சொல்லிவிட்டேன். அவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை தம்பி, இரண்டே வழி கொடுத்தார்கள் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

செந்தில் கோட்டைக் கையில் சுருட்டிக்கொண்டார். "எப்படி ஆன்டி? நாங்க லீகல் ஆன்டி. எல்லாமே முறையா பண்ணோம். டிவில சொல்றதெல்லாம் அந்த பார்டர் தாண்டி வர்றவங்களுக்குத்தானே?"

இதை நான் கடையில் கேட்டிருக்கிறேன், கோயிலில் கேட்டிருக்கிறேன், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் கேட்டிருக்கிறேன். மருமகன் இதை எழுதும்போது நிமிர்ந்து பார்க்கிறார். பார்க்கட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவன்தான் திருடன், நாம் வரிசையில் வந்த மரியாதைப்பட்டவர்கள் என்று நாமே நமக்குச் சொல்லிக்கொண்டோம். அவர்களை விரட்டுகிறேன் என்று ஒருத்தர் ஓட்டுக் கேட்டபோது, சரி, நம்மை இல்லையே என்று இருந்துவிட்டோம். மனுஷர்களைச் சந்தேகப்படு என்று ஒரு அதிகாரிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால், அவன் வரிசையைப் பார்த்தா சந்தேகப்படுவான்? எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரைத்தான் பார்ப்பான்.

இவ்வளவையும் செந்திலிடம் சொல்லவில்லை. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரிடம் என்ன சொல்வது. "போன வாரம் ஓட்டுப் போட்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்ல ஆன்டி. அன்னைக்கு ஆபீஸ்ல ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் இருந்தது. மிட்டேர்ம்தானேன்னு விட்டுட்டேன்."

சின்னப் பெண் அப்பா கையை இழுத்தாள். "டாடி, இஸ் பாட்டி கமிங்?" அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். மேலே போர்டில் ப்ளேன்களின் பெயர்கள் மாறிக்கொண்டிருந்தன. அவர் அம்மாவின் ப்ளேன் எது என்று தேடினார். நான் கையைக் காட்டினேன்.

பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அடுத்த எலெக்ஷன் எப்போ ஆன்டி?" என்றார். என்னைப் போய்க் கேட்கிறார்.

"பெரிசு, பிரசிடெண்ட் எலெக்ஷன், ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தம்பி."

"ரெண்டு வருஷமா" என்றார். அப்புறம் மெதுவாக, எனக்குச் சொல்கிற மாதிரிகூட இல்லை, "அம்மாவுக்கு இப்பவே எழுபத்தெட்டு" என்றார்.